தேன்காட்டியின் பங்கு

முதிந்தா தேன் எடுக்கக் கற்றுக்கொள்ள வரவில்லை. குருவைக் கொல்ல வந்தாள். வந்த இடத்தில் சீடப்பெண்ணாகத் தங்கும்படி ஆகிவிட்டது.

குருவைவிட அவளுக்குத்தான் வயது அதிகம். அவளுக்குத் தலை முழுக்க வெளுத்துவிட்டது. அவருக்குத் தாடியில்கூட நரை இல்லை. மஞ்சள் புல்லும் முள்மரமுமாகக் கிடக்கும் அந்த ஆப்பிரிக்கச் சமவெளியில், குரு ஹமூந்தாவின் வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி சொல்லும். தேன்கூடு இருக்கும் மரத்துக்கு வழிகாட்டும் தேன்காட்டிக் குருவியோடு பேசுகிறவர், கேள்வி கேட்டால் வாயால் சொல்லாமல் கையால் காட்டுகிறவர் என்று அவருக்குப் பெயர். இரண்டு வருடமாக மழை ஏமாற்றிவிட்டது. சோளம் கதிர் பிடிக்கும் முன்பே கருகியது. ஊரில் இன்னும் பிள்ளைகள் உயிரோடு இருப்பது அவர் கொண்டுவரும் தேனால்தான் என்றார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

முதிந்தா அவரை முதலில் பார்த்தது ஆற்றங்கரைச் சந்தையில். மரத்தடியில் உட்கார்ந்து சோளக்களி தின்றுகொண்டிருந்தார். முதல் கவளத்தை உருட்டி, நெற்றியில் தொட்டுவிட்டு, வாயில் போட்டார்.

அது முதிந்தாவின் பிறந்த வீட்டு வழக்கம். அந்தப் பக்கத்தில் வேறு யாரும் அப்படிச் செய்வதில்லை. அவளுடைய மகன்கள் இரண்டு பேரும் செய்வார்கள். அவள் சொல்லிக்கொடுத்து இன்னொருவனும் செய்வான்.

அந்த இன்னொருவனுக்கு அவள் வைத்த பெயர் சிப்போ.

அழுகிற பிள்ளையைப் பொழுது சாய்ந்த பிறகு முள்வேலிக்கு வெளியே விடக்கூடாது என்பது அவளுடைய ஊர் மக்களின் முறை. யார் பெற்றது என்று கேட்கக்கூடாது. உள்ளே தூக்கிவந்து களி போட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. மாடு திருடும் கூட்டத்துக்கும் இந்த முறை தெரியும். தெரிந்துதான் ஒரு பையனை அவள் வேலியோரம் அழவிட்டுப் போனார்கள்.

புருஷன் இல்லாத வீடு. பையன் கெட்டிக்காரன். மாடு ஓட்டினான், விறகு பொறுக்கினான், அவளை வாய் நிறைய அம்மா என்றான். யார் குரலில் வேண்டுமானாலும் பேசுவான். முதிந்தா திட்டுகிற மாதிரி அவன் திட்டிக்காட்டினால் பெரியவன் மிலிமோவும் சின்னவன் லுயாந்தோவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருளுவார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிடும்.

அறுவடை முடிந்த சமயம், அவளுடைய தாய் சாகக் கிடக்கிறாள் என்று சேதி வந்தது. கிளம்பும்போது சிப்போவிடம் சொன்னாள்.

"தம்பிங்களைப் பாத்துக்கோ. சின்னவன் ராத்திரி முழிச்சு என்னைத் தேடுவான். 'அம்மா இங்கதான் இருக்கேன், தூங்கு'ன்னு என் குரல்லயே சொல்லு. தூங்கிடுவான்."

"சரிம்மா."

வேலியின் வாசலை அடைக்கிற முள்கட்டை உள்ளேயிருந்துதான் இழுத்துத் திறக்க முடியும். அன்றைக்கும் அதை உள்ளேயிருந்துதான் யாரோ இழுத்திருந்தார்கள். முதிந்தா திரும்பி வந்தபோது தொழுவம் காலி. மகன்கள் இரண்டு பேரும் பாயிலேயே கிடந்தார்கள். சிப்போவைக் காணோம்.

இத்தனை வருடம் கழித்துச் சந்தையில் அவனைக் கண்டுபிடித்தபோது, இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு பின்னாலேயே வந்துவிட்டாள். கொல்வது பெரிய காரியமாக அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். சாகிற நேரத்தில் லுயாந்தோ தன்னைக் கூப்பிட்டானா? இந்தக் கேள்விதான் அவளை இத்தனை வருடம் தூங்கவிடவில்லை. பதில் தெரிந்தவன் உலகத்திலேயே அவன் ஒருத்தன்தான். அவனைக் கொன்றால் பதிலும் போய்விடும். கேட்டுவிட்டால் அவன் ஓடிவிடுவான்.

அதனால் அவள் வாசலில் நின்று, "ஐயா, என்னையும் சேத்துக்கோங்க" என்றாள்.

குரு அவளை நிமிர்ந்து பார்த்தார். உள்ளே போய்த் தன் களிச்சட்டியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார். பசியில் வந்தவள், கவளத்தை நெற்றியில் தொட்டுவிட்டுத் தின்றாள். பழக்கம் யாரை விட்டது? தொட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. குருவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"தங்கிக்கோங்க" என்றார்.

ஊரே அவளை அம்மா என்று கூப்பிட்டது. அவர் மட்டும் கூப்பிடவில்லை. பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. வாங்க, போங்க, அவ்வளவுதான். கொல்ல வந்த கை தினமும் அவருக்குக் களி கிண்டிப் போட்டது. அதை நினைக்கும்போதெல்லாம் அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வரும்.

ஒருநாள் கேட்டாள்.

"ஐயா, தேன்காட்டி கூடு எங்க கட்டும்?"

"கட்டாது."

"அப்ப குஞ்சு?"

"வாங்க."

எறும்புதின்னி தோண்டிப் போட்ட பெரிய குழி ஒன்றுக்குக் கூட்டிப்போனார். குழியின் பக்கச்சுவரில் பஞ்சுருட்டான் குருவி ஒன்று வளை போட்டிருந்தது. குரு மேலிருந்து ஒரு தட்டைக்கல்லை நகர்த்தினார். வளையின் கடைசி அறை தெரிந்தது. அதில் சின்னச் சின்ன வெள்ளை முட்டைகள். குனிந்து பார்த்தால் எல்லாவற்றிலும் முள் குத்தியதுபோல ஓட்டை. ஒன்றில் மட்டும் இல்லை.

"யார் குத்தினது?"

"தேன்காட்டி. தன் முட்டையை வெச்சுட்டு, மத்ததைக் குத்திட்டுப் போயிடும்."

"இந்த ஓட்டை இல்லாதது அதோடதா?"

"ஆமா."

"பஞ்சுருட்டானுக்குத் தெரியாதா?"

"உள்ள இருட்டு."

அவர் கல்லை மூடிவிட்டு நடந்தார்.

மறுபடி போனபோது தேன்காட்டியின் முட்டை பொரிந்திருந்தது. ஓட்டை விழுந்தும் பிழைத்த இரண்டு பஞ்சுருட்டான் குஞ்சுகள் அப்போதுதான் முட்டையை விட்டு வந்திருந்தன. எதற்கும் இறகு முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை. தேன்காட்டிக் குஞ்சின் அலகு நுனியில் மட்டும் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று கொக்கி இருந்தது. அது பக்கத்திலிருந்த குஞ்சின் கழுத்தைக் கவ்வி உலுக்கியது. களைத்துப்போய்ப் பிடியை விட்டது. மூச்சு வாங்கிவிட்டு மறுபடி கவ்வியது. கடிபட்ட குஞ்சு சத்தம்கூடப் போடவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடியது, இரை வரும் என்று.

முதிந்தா இன்னும் குனிந்தாள். கண்ணை எடுக்க முடியவில்லை.

"அதுக்குக் கண்ணே திறக்கலையே ஐயா."

"திறக்கலை."

"அப்புறம் எப்படிக் கடிக்குது?"

"சூடா எது அசைஞ்சாலும் கடிக்கும்."

"யார் சொல்லிக்கொடுத்தா?"

குரு கல்லை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"நான் இதைக் கொல்லட்டுமா?"

"கை எட்டும்" என்றார் குரு.

அவள் கையை உள்ளே விட்டாள். குஞ்சு அவள் விரலைக் கவ்விக்கொண்டது. பொட்டாக ரத்தம் வந்தது. இரண்டு விரலால் நசுக்கினால் போதும். அந்த நேரம் பார்த்துப் பச்சை முதுகும் மஞ்சள் தொண்டையுமாகப் பஞ்சுருட்டான் பறந்து வந்து எதிரே ஒரு புல்தண்டில் உட்கார்ந்தது. வாயில் ஒரு தும்பி. கூட்டுக்குள் போக வழி விடச்சொல்லிக் காத்திருந்தது.

"தாய் வந்திருக்கு" என்றார் குரு.

"இதோட தாய் இல்லையே."

"அதுக்கு அது தெரியாது."

"எதுக்கு? தாய்க்கா, குஞ்சுக்கா?"

அவர் கல்லை எடுத்துக்கொண்டு காத்திருந்தார். முதிந்தா விரலை உருவிக்கொண்டு கையை வெளியே எடுத்தாள். தும்பியோடு பஞ்சுருட்டான் வளைக்குள் போனது. செத்தவற்றின்மேல் ஏறித்தான் போயிருக்கும்.

அன்றைக்குக் களி கிண்டும்போது அவள் கத்தியை உருவிப் பார்த்தாள். முதுகு காட்டித்தான் அவர் உட்கார்ந்திருந்தார். எப்போதுமே அவளுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். கத்தியை மறுபடி செருகிக்கொண்டாள்.

மூன்றாவது முறை போனபோது குழிக்கு வெளியிலேயே சத்தம் கேட்டது. வளை நிறையக் குஞ்சுகள் இருந்து, எல்லாம் ஒரே நேரத்தில் பசி பசி என்று கத்துகிற சத்தம்.

"உள்ள எத்தனை இருக்கு?"

"ஒண்ணு."

"இத்தனை சத்தம் கேக்குதே."

"ஒண்ணுதான்."

கல்லை நகர்த்தினார். ஒன்றுதான் இருந்தது. கொழுத்து அறை முழுவதையும் அடைத்துக்கொண்டு, இறகு விட்டு, கண் திறந்து.

"செத்துப்போனதுங்க கத்த வேண்டியதையும் இதுவே கத்துதா?"

குரு குனிந்து குஞ்சைப் பார்த்தார்.

"ஒத்தைக் குரலுக்கு அந்தத் தாய் இவ்வளவு இரை கொண்டுவராது" என்றார்.

"கொக்கியைக் காணோமே?"

"விழுந்துடுச்சு."

"தானாவா?"

"தானாத்தான்."

"அப்ப இனி இது நல்ல குஞ்சு."

"இனி இது பெரிய குஞ்சு."

கல்லை மூடும்போது அவர் அதைக் கோணலாக வைத்து மறுபடி நகர்த்தியதை முதிந்தா பார்த்தாள். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க அவள் முயலவில்லை.

கொஞ்ச நாளில் அந்தக் குஞ்சு பறந்துபோனது. ஊரில் பசி முற்றியது. கருவேலங்காயை வேகவைத்துத் தின்றார்கள். ஒரு கைக்குழந்தை போய்விட்டது. புதைத்துவிட்டு வந்த பெண்கள் அழக்கூடத் தெம்பில்லாமல் சுரைக்குடுவைகளோடு குருவின் வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்களோடு வந்த பிள்ளைகள் முதிந்தாவின் மடியில் வந்து சாய்ந்தன. எலும்பு குத்தியது.

காலையில் முள்மரத்திலிருந்து தேன்காட்டி கூப்பிட்டது. நெருப்புப்பெட்டியைக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம். குரு நாக்கை உருட்டிக் கடைசியில் ஒரு உறுமல் சேர்த்துப் பதில் குரல் கொடுத்தார். குருவி அடுத்த மரத்துக்குத் தாவியது. திரும்பிப் பார்த்தது. மறுபடி கூப்பிட்டது.

"வாங்க" என்றார் குரு.

குருவியின் பின்னால் வெயில் ஏறும்வரை நடந்தார்கள். ஒரு பெருக்க மரத்தில் போய் அது உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டது. பத்துப் பேர் கைகோத்தாலும் கட்ட முடியாத அடிமரம். உச்சியில் ஒரு பொந்து. தேனீக்கள் போவதும் வருவதுமாக இருந்தன. ஆனால் பொந்து மரத்தின் சாய்ந்த பக்கத்தில் இருந்தது. ஆப்பு அடித்து ஏறினாலும் கடைசியில் கயிற்றில் தொங்கித்தான் ஆகவேண்டும்.

கயிற்றைக் கிளைமேல் வீசி, ஒரு நுனியைக் குரு தன் இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுநுனியை எப்போதும் வேரில் கட்டி முடிச்சுப் போடுவார். இன்றைக்கு வேரில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நுனியை முதிந்தாவிடம் நீட்டினார்.

"இன்னைக்கு நீங்க பிடிங்க."

"வேர்லயே கட்டலாமே?"

"கட்டலாம். நீங்க பிடிங்க."

ஆப்பு அடித்து அடித்து ஏறினார். புகைப்பந்தத்தைப் பொந்தில் காட்டிவிட்டு ஆப்பிலிருந்து காலை எடுத்தார். கயிறு விறைத்தது. முழுப் பாரமும் அவள் கைக்கு வந்தது. பசியில் மெலிந்த உடம்புதான். பிடிக்க முடிந்தது. விடுவது அதைவிடச் சுலபம்.

அந்தப் பெயரைக் கடைசியாக அவள் சொன்னது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை.

"சிப்போ."

மேலே தொங்கியவன் திடுக்கிடவில்லை. அடையை அறுத்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது.

"ம்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் சாப்பாட்டுலயே. நெத்தியில தொட்டீங்க."

"தெரிஞ்சும் நான் போட்ட களியைத் தின்னே."

"தின்னேன்."

"விஷம் வெச்சிருந்தா?"

"அதையும் நெத்தியில தொட்டுட்டுத்தான் தின்னிருப்பேன்."

"ஓடியிருக்கலாமே."

"ஒரு தடவை ஓடியாச்சு."

தேனீக்கள் அவனை மொய்த்திருந்தன. அவன் தட்டிவிடவில்லை.

"உன்னை ஒண்ணு கேக்கணும். கேட்டுட்டுக் கயித்தை விட்டுடுவேன்."

"சரி. கொஞ்சம் பொறுங்க."

பாக்கி அடையை அறுத்துத் தோல்பையில் போட்டான். பையைத் தனி நாரில் கட்டிக் கீழே இறக்கினான். அது அவள் காலடியில் மெதுவாக வந்து உட்கார்ந்தது.

"அது ஊருக்கு. சாயங்காலத்துக்குள்ள கொண்டு போயிடுங்க. பிள்ளைங்க காத்திருக்கும்" என்றான். "இப்பக் கேளுங்க."

இத்தனை வருடம் மனப்பாடமாக இருந்த கேள்விதான். முதிந்தா அண்ணாந்து அவனைப் பார்த்தாள்.

"லுயாந்தோ என்னைக் கூப்பிட்டானா?"

"கூப்பிட்டான்."

"என்னன்னு?"

"அம்மான்னு. இருட்டுல முழிச்சுக்கிட்டான். பயந்துபோய்க் கூப்பிட்டான்."

"நீ என்ன பண்ணினே?"

"நீங்க சொல்லிட்டுப் போனதைச் சொன்னேன்."

"என் குரல்லயா?"

"உங்க குரல்ல."

அவள் கை திறந்துகொண்டது. திறந்தாளா, தானாகத் திறந்ததா என்று யார் கேட்டாலும் அவளால் சொல்ல முடியாது. கயிறு வேரைச் சுற்றிக்கொண்டு ஓடியது. அவன் விழுந்தான். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

மரத்தில் பாதிவரை வந்துவிட்டான். அதற்குள் அவள் கை மூடிக்கொண்டது. உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு கயிறு நின்றது. அவன் அடிமரத்தில் மோதி, முகமெல்லாம் ரத்தமாகத் தொங்கினான். முதிந்தா கயிற்றின்மேலேயே உட்கார்ந்து கத்தி அழுதாள். செத்த மகன்களுக்காகவும், பிடித்துவிட்ட அந்தக் கைக்காகவும் அழுதாள். அந்தக் கையை அவள் வெறுத்தாள்.

பிறகு அவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கினாள்.

அவன் அவள் எதிரே நின்றான். கிட்டே வரவில்லை, விலகிப் போகவுமில்லை. தேன் எடுத்தால் புழு வைத்த அடையில் ஒரு துண்டைப் பச்சை இலையில் வைத்துத் தேன்காட்டிக்கு விட வேண்டும். அதன் பங்கைக் கொடுக்காவிட்டால் அடுத்த முறை சிங்கம் படுத்திருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போய்விடும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அந்த வேலையை எப்போதும் அவன்தான் செய்வான். இன்றைக்கு அவன் அசையவில்லை.

முதிந்தா இடுப்பிலிருந்த கத்தியை உருவினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

அவள் பைக்குள்ளிருந்து ஒரு அடையை எடுத்து மெழுகும் புழுவுமாக ஒரு துண்டை அறுத்தாள். அறுத்த இடத்தில் அவளுடைய கை ரத்தமும் பட்டது. இலை பறித்து, அதில் துண்டை வைத்து, மரத்தடியில் வைத்துவிட்டு எட்டப் போய் உட்கார்ந்தாள். தேன்காட்டி இறங்கி வந்தது. இரண்டு பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு மெழுகைக் கொத்தத் தொடங்கியது.

குருவியைப் பார்த்தபடியே முதிந்தா கேட்டாள்.

"லுயாந்தோ நம்பினானா?"

"நம்பினான்" என்றான் சிப்போ. "அவன் தூங்கின பிறகுதான் வாசல் முள்ளை இழுத்தேன்."